மூன்று எண்ணுமுன் எடுத்த கை

ஆகஸ்ட் 13

போதகர் ஐயா அவர்களுக்கு,

நான் தலைக்குக் குளிக்கும்போது குளியலறைக் கதவைத் திறந்துதான் வைப்பேன். வெளியே என் வீட்டுக்காரி நின்றுகொண்டு எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் பேச்சு நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். வயது ஐம்பத்தொன்று. முப்பது வருடமாகக் குழாய் வேலை. இந்த ஊரில் பாதி வீட்டுத் தண்ணீர் என் கைபட்டுத்தான் ஓடுகிறது. ஆனால் அதில் ஒரு குவளை என் மூக்குக்கு மேலே வந்தால் ஆள் காலி. வெட்கமான சங்கதிதான். உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அவளுக்கு, உங்களுக்கு.

போன ஞாயிறு வரைக்கும் மூன்று பேர்.

உங்கள் சபையின் ஞானஸ்நானத் தொட்டிக்குப் புது வால்வு போடச் சொன்னீர்கள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஆராதனைக்கும் உட்கார் என்றீர்கள். உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசை. பக்கத்தில் என் மகள். நீங்கள் தாழ்மையைப் பற்றியும், குழந்தை மாதிரி கடவுளை நம்புவதைப் பற்றியும் பிரசங்கம் பண்ணினீர்கள். நடுவில் ஒரு கதை. கல்குவாரிக் குட்டையில் நீங்கள் தம்பிக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தீர்களாம். இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டுதான் இருந்தீர்களாம். தம்பிக்கு நம்பிக்கை இல்லையாம், திமிறினானாம், மூழ்கினானாம். "அந்தத் தம்பி இன்னைக்கும் பிளம்பர், இன்னைக்கும் கதவைத் திறந்து வெச்சுத்தான் குளிக்கிறார்" என்று என் பக்கம் கையைக் காட்டினீர்கள். முந்நூறு பேர் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள், பாவம், அடக்க முடியவில்லை.

அதைப் பதிவு பண்ணி எல்லார் போனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நான் ஊர் வந்து இறங்குவதற்குள் கதை எனக்கு முன்னால் வந்து இறங்கிவிட்டது. நேற்று ஒரு வீட்டில் தொட்டி கழுவப் போனேன். வீட்டுக்காரர் "ஐயா, உள்ள தண்ணி இருக்கு, பரவாயில்லையா?" என்கிறார்.

நீங்கள் கையை எடுத்தீர்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆராதனை முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் தொட்டிக்குக் கீழே போனேன். புது வால்வைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். நாலு மணி பஸ்ஸில் அதுவும் என்னோடு வந்துவிட்டது. அந்தக் குழாய் பழைய கப்பல் உடைப்பில் வாங்கியது. அந்த அளவு வால்வு எந்தக் கடையிலும் கிடைக்காது, இது நானே பட்டறையில் நின்று கடைந்து வாங்கியது. உங்கள் தொட்டியில் இப்போது இருப்பது ஒரு ஓட்டை.

செப்டம்பர் 28 ஞாயிறு பன்னிரண்டு பேருக்கு ஞானஸ்நானம் என்று அறிவித்தீர்கள். அதில் ஒருத்தி என் மகள். நர்சிங் படிக்க உங்கள் வீட்டில் தங்கியிருப்பதால் அவளும் பெயர் கொடுத்துவிட்டாள். என்னை விட்ட கையில் அவளைத் தண்ணீருக்குள் சாய விடமாட்டேன். நீங்கள் அதே மேடையில் ஏறி, கையை எடுத்ததைச் சொல்லுங்கள். வால்வு வரும்.

இப்படிக்கு,
பிரசங்கத்தில் வந்த உதாரணம்

*

ஆகஸ்ட் 19

அன்புத் தம்பிக்கு, கர்த்தருடைய கிருபை உன்னோடு இருப்பதாக.

உன் கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னை மன்னித்துவிட்டேன்.

பிரசங்கத்தில் உதாரணம் சொல்வது ஊழிய வழக்கம். அதில் நீ கேலியைப் பார்க்கிறாய். நான் சபைக்குக் கிடைத்த பயனைப் பார்க்கிறேன். அன்று இருவர் கண்ணீரோடு வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். உன்னால் அது நடந்தது என்று நீ மகிழ்ந்திருக்க வேண்டும். தாழ்மை இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாய்.

கேலியைப் பற்றி நீ பேசலாமா? நான் போதகராக அபிஷேகம் பெற்ற நாளில், விருந்துப் பந்தியில், வெளியூரிலிருந்து வந்த மூத்த போதகர்கள் மத்தியில், "அண்ணன் கண்ணாடி முன்னாடி சீப்பை மைக்கா பிடிச்சுத்தான் பிரசங்கம் பழகினாரு, நடுவுல தலையும் வாரிக்குவாரு" என்று சொன்னது யார்? இருபத்திரண்டு வருடமாகிறது. அதில் ஒரு மூத்தவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தலையைத் தடவுகிறார். நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

குட்டையில் நான் உன்னைப் பிடித்திருந்தேன். நீதான் திமிறினாய். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்?

சபையின் சொத்தை எடுத்துச் சென்றிருக்கிறாய். பதிவுத் தபாலில் அனுப்பு. ஆற்றுக்குப் போகலாம் என்றால் அதில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுகிறது. வெள்ளை அங்கியோடு இறங்குகிறவர் பச்சையாக ஏறுவார்.

உனக்காக ஜெபிக்கும்,
அண்ணன்

*

ஆகஸ்ட் 24

போதகர் ஐயாவுக்கு,

மன்னித்ததற்கு நன்றி. அடித்தவனே மருந்து போட்டு, "வலிச்சதை நான் பெரிசு பண்ணலை" என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

சீப்புக் கதை உண்மை. உண்மையைச் சொன்னால் கேலி. பொய்யைச் சொன்னால் பிரசங்கம். இந்த வித்தியாசம் படிக்காத எனக்கே புரிகிறது.

ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன், படியுங்கள். ஒரு கை என் கழுத்துக்குக் கீழே. ஒரு கை இடுப்புக்குக் கீழே. "மூணு எண்ணுறேன், சாய்ஞ்சுக்கோ, நான் இருக்கேன்" என்றீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். ஒன்று சொன்னீர்கள். இரண்டு சொன்னீர்கள். கழுத்துக் கைதான் முதலில் போனது. மூன்று வரவே இல்லை. நான் உள்ளே போய்க் கண்ணைத் திறந்தேன். தண்ணீருக்குள் உங்கள் கால் இரண்டும் தெரிந்தது. அது பின்னால் நகர்ந்தது. ஒரு அடி, இன்னொரு அடி. கல் உடைக்கிறவர் ஒருத்தர் குதித்து என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அவருக்கு நீங்கள் நன்றிகூடச் சொல்லவில்லை, வீட்டுக்கு ஓடிப்போய் "தம்பி சொன்ன பேச்சு கேக்கலை" என்று சொல்லிவிட்டீர்கள். அன்றைக்கு அடியும் எனக்குத்தான்.

அதை நான் மறந்தே போயிருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டை கட்டி மேலே போட்டிருந்தேன். நீங்கள்தான் மேடையில் அவிழ்த்தீர்கள், அதுவும் தப்பை என் பெயரில் எழுதி.

இப்போது வால்வு எங்கள் வீட்டு முன்கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. நல்ல கனம். போகவர ஒரு உதை விடுகிறேன், மனசுக்கு இதமாக இருக்கிறது. பழிவாங்குகிறதைக் கர்த்தரிடம் விடவேண்டும் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். விட்டுத்தான் இருக்கிறேன். அவருக்கு ஆயிரம் வேலை. சின்னச் சின்ன வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திமிறினவன்

*

செப்டம்பர் 2

தம்பிக்கு,

தச்சரை வைத்து மரத்தில் அடைப்பு செய்து போட்டோம். தண்ணீர் நிரப்பிச் சோதித்தபோது முக்கால் தொட்டி வரை நின்றது. பிறகு அடைப்பு துப்பாக்கிக் குண்டு போலக் கிளம்பி, கீழறையில் அடுக்கியிருந்த பாட்டுப் புத்தகங்களை நனைத்துவிட்டது. சபையின் செயலாளர் முழங்கால்வரை தண்ணீரில் நின்று, "ஐயா, உங்க தம்பிகிட்ட சமாதானமாப் போயிட்டா என்ன?" என்றார். சபை முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. உனக்கு மகிழ்ச்சிதானே?

உன் மகளை வீட்டில் உட்காரவைத்து ஞானஸ்நானத்திற்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறேன். நேற்று அவளிடம், "தண்ணிக்குள்ள பின்னாடி சாயணுமே, பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பெரியப்பா நீங்க பிடிச்சுக்குவீங்கல்ல, அப்புறம் என்ன?" என்றாள்.

நான் எழுந்து அறைக்குப் போய்விட்டேன்.

கையை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. இதற்குமேல் என்னால் எழுத முடியாது.

அண்ணன்

*

செப்டம்பர் 7

நினைவில்லையா?

முன்பு "பிடித்திருந்தேன்" என்றீர்கள். இப்போது "நினைவில்லை". இன்னும் இரண்டு கடிதத்தில் குட்டையே இல்லை என்பீர்கள்.

நானும் ஒரு பிரசங்கம் பதிவு பண்ணிவிட்டேன். நாலு நிமிஷம். குட்டை, கை, கால், எண்ணாத மூன்று, எல்லாம் இருக்கிறது. உங்கள் செயலாளர் நம்பர் என்னிடம் இருக்கிறது. மூத்த போதகர்கள் நம்பர் மகள் போனில் இருக்கிறது. வீட்டுக்காரி கேட்டாள்: "அனுப்பிட்டா உங்க வயித்தெரிச்சல் போயிடுமா?"

"போகாது. ஆனா அவருக்கும் வரும்ல" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கு எரிஞ்சா தீயணைக்க யாரு வருவா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாப்பாட்டில் உப்பில்லை. வேண்டுமென்றே.

இருபதாம் தேதி வரைக்கும் பொறுப்பேன். பிறகு விரல் பட்டால் போதும்.

அந்தக் காய் நறுக்கின விஷயத்தை ஏன் எழுதினீர்கள்? அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சூடு தண்ணீர்க் குழாயைக் குளிர் தண்ணீரில் மாட்டிவிட்டேன்.

*

செப்டம்பர் 13

தம்பி,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றும் பிரசங்கமாகப் போய்விட்டன. நான்காவதில் உன்மேல் ஒரு குற்றம் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. இது ஐந்தாவது.

கையை எடுத்தேன்.

கழுத்துக் கைதான் முதலில். நீ சொன்னது சரி. பின்னால் நகர்ந்ததும் சரி.

ஏன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ சாய்ந்தபோது சிரித்தாய். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, ஒரு பயமும் இல்லாமல் என் கைமேல் முழுப் பாரத்தையும் போட்டாய். எனக்குப் பதினோரு வயது. எனக்கு அப்படி யார்மேலும் சாயத் தெரியாது. அப்பா தூக்கினாலும் தூண் மாதிரி நிற்பேன் என்று அம்மா சொல்வாள். உனக்கு மட்டும் அது எப்படி வருகிறது என்று எரிந்தது. அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. நிறுத்தினேன். நாற்பத்து நாலு வருடமாக நின்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. இதை என் மனைவிக்கும் சொன்னதில்லை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் நான் முழுவதும் சாயவில்லை. ஒரு காலைப் பின்னால் தரையில் ஊன்றிக்கொண்டேன். அங்கி மறைத்தது, யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். கேட்பதைக் கர்த்தரிடம் கேட்கிறேன், ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு. அவர் தராவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்துவிட்டுத்தான் முழங்காலில் நிற்கிறேன். இத்தனை வருடமாகக் குழந்தைபோல நம்புங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். நான் பார்த்த குழந்தை நீ ஒருவன்தான். அதையும் நான் முக்கிவிட்டேன்.

உன் மகள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னதில் உன் குரல் இருந்தது.

உன் நாலு நிமிஷத்தை அனுப்பிவிடு. நான் தடுக்க மாட்டேன்.

அண்ணன்

*

செப்டம்பர் 17

அண்ணா,

படித்தேன். வீட்டுக்காரியும் படித்தாள். அவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம் குறையவும் இல்லை. பொறாமையில் விட்டாயா? தெரியாமல் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பதிவை அனுப்பவில்லை. அது சின்னப் பழி. எனக்குப் பெரிசு வேண்டும்.

27ஆம் தேதி சனிக்கிழமை மத்தியானம் வால்வோடு வருகிறேன். மாட்டுகிறேன். தொட்டியை நிரப்புகிறேன். யாரும் இருக்கக் கூடாது. நீ தொட்டியில் இறங்க வேண்டும். என் கையில் சாய வேண்டும். இரண்டு காலும் மேலே. ஊன்றக் கூடாது. கண்ணை மூட வேண்டும். நான் மூன்று எண்ணுவேன். எண்ணுவேனா என்பதும் என் இஷ்டம்.

பிடிப்பேன் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படித்துக்கொள். சொல்லவில்லை.

இதற்கு நீ சம்மதித்தால் மறுநாள் என் மகளை நீ தொடலாம்.

*

செப்டம்பர் 21

தம்பி,

வா. இறங்குகிறேன்.

அண்ணி உனக்கு மாடியறையைச் சுத்தம் செய்துவிட்டாள். வரும்போது குளிர் தாங்கும் சட்டை ஏதாவது எடுத்து வா.

*

செப்டம்பர் 30

அண்ணா,

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் முழுக்கத் தூங்கவில்லை. உன்னிடம் நேரில் சொல்லாததை எழுதிவிடுகிறேன். நேரில் சொல்ல உன் வீட்டில் எங்கே விட்டார்கள், ஆளுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து என் தலையைத் துவட்டினார்கள்.

நான் விடத்தான் வந்தேன். பஸ் ஏறுவதற்கு முன்பே முடிவு. ஒன்று, இரண்டு, அவ்வளவுதான். உன்னை உள்ளே விட்டு, ஒரு அடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நீ அடித்துப்பிடித்து எழுந்திருப்பாய். நான் "நம்பிக்கை இல்லாதவன் மூழ்குவான்" என்று சொல்லிவிட்டு வெளியே ஏறிப் போவேன். இந்த வசனத்தைப் பத்து நாள் வால்வுக்கு முன்னால் சொல்லிப் பழகினேன். நீ மட்டும்தான் பழகுவாயா?

நீ சாய்ந்தாய். உன் தலை என் கையில் வந்தது. கனமான தலை, ஊருக்கே தெரியும். ஆனால் அது இவ்வளவு நடுங்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலைத் தூக்கினாய். அடுத்த காலைத் தூக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தூக்கிவிட்டாய். உன் உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. என்னிடம் சொன்னதாகவும் தெரியவில்லை.

ஒன்று சொன்னேன். இரண்டு சொன்னேன். கையை எடுத்தேன்.

நீ போய்விட்டாய். அடித்துப்பிடிக்கவில்லை. கையைக்கூட வீசவில்லை. நனைத்துப் போட்ட துணி மாதிரி அப்படியே கீழே போய் அடியில் படுத்துக்கொண்டாய். மார்பளவு தண்ணீர், காலை ஊன்றினால் முடிந்தது. ஊன்றவில்லை. முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. அங்கே படுத்துக்கொண்டு யாரோ வந்து தூக்கட்டும் என்று காத்திருந்தாய். பின்னால் ஒரு அடி வைத்த எனக்கு அடுத்த அடி வைக்க முடியவில்லை. பழகி வைத்த வசனம் மறந்தே போனது. அடுத்து என்ன பண்ணினேன் என்று கேட்டால் முறையாகச் சொல்லத் தெரியாது. என் தலை தண்ணீருக்குள் இருந்தது. மூக்கு, காது, எல்லாம் உள்ளே. உன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். இருவரும் மேலே வந்தபோது நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். "ஏன்டா எந்திரிக்கலை, செத்துத் தொலைஞ்சா நான் அண்ணிக்கு என்ன பதில் சொல்றது?" அண்ணனை டா போட்டது தப்புத்தான்.

நீ இருமிக்கொண்டே சொன்னாய்: "நீ விடுவேன்னு தெரியும். விட்டா எங்க போயிடப் போறேன்? கீழேயும் கர்த்தர் கைதானே."

நான் பழி வாங்கி முடித்த இடத்தில் நீ போய்ச் சாய்ந்துகொண்டால் நான் யாரைப் பழிவாங்குவது? எரிச்சலாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த நாலு நிமிஷத்தை இன்னும் அழிக்கவில்லை. கர்த்தர் உன்னைத் திருத்துகிற வேகத்தில் என்னைத் திருத்தவில்லை, நான் மெதுவாகத்தான் வருவேன்.

அப்புறம்தான் உன் முன்பல் செட்டைக் காணோம் என்று பார்த்தோம். தொட்டியை வடித்து, அடிக்குழாயைக் கழற்றி, செயலாளர் டார்ச் அடித்து, எல்லாம் தேடியாயிற்று.

ஞாயிறன்று நீ மேடை ஏறினாய். "இன்று பிரசங்கம் இல்லை, ஒரு திருத்தம்" என்றாய். கையை எடுத்ததையும், பொய் சொன்னதையும், ஒன்று விடாமல் சொன்னாய். நான் ஒன்றரை மாதமாகக் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் பல் இல்லாமல் சொன்னாய். முதல் இரண்டு வரிசைக்குப் பின்னால் ஒருத்தருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் தோளைத் தட்டி, "ஐயா என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

வாய்ப்பு வந்து மடியில் விழுந்தது. நானே என் வாயால், என் பாணியில், கால் நகர்ந்தது வரைக்கும் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே போயிருக்கும்.

"சின்ன வயசுல ரெண்டு பேரும் குட்டையில விளையாடினோமாம், அதைச் சொல்றாரு" என்றேன்.

"அதுக்கா அழுவுறாரு?" என்றார் அந்த அம்மா.

"அவரு அப்படித்தான், குழந்தை மாதிரி" என்றேன்.

மகளை நீ சாய்த்ததைப் பார்த்தேன். உன் இரண்டு கையும் எங்கே இருந்தது என்று மட்டும்தான் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். சிரித்தாளாமே, வீட்டுக்காரி போனில் படம் பார்த்துச் சொன்னாள்.

நான் தண்ணீருக்குள் போனது ஞானஸ்நானத்தில் சேருமா என்று கேட்டதற்குச் சேராது என்று சொல்லிவிட்டாய். கத்தினதெல்லாம் ஜெபமாகாது என்றும் சொன்னாய். சரி. அடுத்த முறைக்கு என் பெயரை எழுதிக்கொள். பென்சிலில் எழுது.

இன்று காலை ஒரு வீட்டில் சாக்கடை அடைப்பு என்று கூப்பிட்டார்கள். அன்றைக்குத் தொட்டிக்குள் போட்டிருந்த அதே ரப்பர் பூட்ஸைச் சாக்கிலிருந்து எடுத்து மாட்டினேன். வலது காலை உள்ளே விட்டு ஓங்கி மிதித்தேன். உன் பல் செட் அதற்குள் இருந்தது. பெருவிரலிலும் அடுத்த விரலிலும் நன்றாகப் பதிந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா ஏதோ எழுதிக்கொண்டே "என்ன கடிச்சது?" என்றார். "போதகர்" என்றேன். தலையைத் தூக்காமல், "வீட்டுல வளர்க்கிறதா, தெருவுல திரியிறதா?" என்றார். சொந்தம் என்றேன். ஒரு ஊசி போட்டார், இன்னும் மூன்று இருக்கிறதாம். பல்லைக் கழுவிப் பார்சலில் போட்டிருக்கிறேன்.

தம்பி